மூன்று ரூபாய்

நாளைக்கு அமைச்சர் வருகிறார், பூங்கா திறக்க.
மண்டபம் கேம்ப்பில் முந்தாநாள் நட்ட புல்
அதற்குள் பழுத்துவிட்டது.
எனக்குப் புல்லுக்குக் கீழே உள்ளதுதான் வேலை.
காதில் ஹெட்போன், கையில் நீளக் கம்பு, நுனியில் தட்டு.
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
வாசல் கூட்டுவதுபோல,
ஆனால் ஒரு தூசியையும் தொடாமல்.

வெடிகுண்டுப் பிரிவில் பதினோரு வருஷம்.
ஒருமுறைகூடக் குண்டு கிடைத்ததில்லை.
சோடா மூடி கிடைத்திருக்கிறது, மூட்டைக் கணக்கில்.
தூண்டில் முள், வலையின் ஈயம், வள்ளத்து ஆணி,
ஒற்றைக் கால் மெட்டி.
அதைத் தேடி யாரும் வரவில்லை.
உச்சிப்புளியில் ஒரு சைக்கிள் மணி:
உருண்டையாக இருந்ததால்
தெருவையே காலி பண்ணச் சொன்னோம்.

இரும்புக்குத் தொண்டை கட்டியிருக்கும்.
ஈயம் முனகும்.
இன்று ஊஞ்சலுக்கும் உடைமரத்துக்கும் நடுவே
வந்தது வேறு குரல்,
கொஞ்சம் உயரத்தில், தெளிவாக,
கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னதுபோல.

கையைத் தூக்கினேன்.
நம்புராஜன் சார் பாதிச் சிரிப்பில் நின்றார்.
தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சீனி நெய்னா
குழாயைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே ஓடிவிட்டார்.
குழாய் மட்டும் தனியாக நெளிந்து நெளிந்து
என் பூட்ஸை நனைத்தது.

குப்புறப் படுத்தேன்.
முதலில் விரலால், பிறகு பிரஷால்
மணலை மணலிலிருந்து விலக்கினேன்.
என் மகளுக்குத் தலை துவட்டும்போதுகூட
இந்தக் கை இவ்வளவு மெதுவாக இருந்ததில்லை.
அன்புக்கு அவசரம் உண்டு.
பயத்துக்கு இல்லை.

நிறம் போன துணி நார்.
கறுத்த வட்டம் ஒன்று, அதில் ஒட்டியபடி இன்னொன்று,
அதற்கடியில் இன்னொன்று.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன், விதிப்படி தப்பு.
கறுப்புக்குள்ளிருந்து ஒரு தாடிக்கார ராசா
காதும் கிரீடமுமாக வெளியே வந்தார்.
திருப்பினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு.
ஒரு ரூபாய், மூன்று தடவை.

கூடவே ஒரு தகரத் துண்டு,
கழுத்தில் கட்டத் துளையோடு.
நான்கு, ஏழு, அப்புறம் துரு.

சிலோன் தோட்டத்துக்குப் போனவர்களை
கப்பலுக்கு முன்னால் இங்கேதான் நிறுத்திவைத்தார்கள்,
நாக்கை நீட்டச் சொல்லி, நாள் எண்ணி.
கழுத்தில் எண் இருந்தால் பெயர் வேண்டியதில்லை.
திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாமென்று
காசைப் புதைத்தாய், சரி.
எண்ணை ஏன் புதைத்தாய்?
அது இல்லாமல் ஏற்றியிருக்க மாட்டார்களே.
ஓடிப்போனாய் என்றால்
காசை ஏன் விட்டுவிட்டு ஓடினாய்?
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
கிடைத்த பொருளிடம் கேள்வி கேட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் முகாம் பிள்ளைகள்,
அதே கடலை எதிர்த்திசையில் கடந்து வந்தவர்களின் பேரர்கள்.
"அக்கா, வெடிக்குமோ?"
"இல்லடா, காசு."
"எந்த ஊர்க் காசு?"
வாய் திறந்தேன், சொல் வரவில்லை.

சார் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்தார்.
"பத்து ரூபாய்க்கு மேல புதையல் கெடச்சா
கலெக்டருக்கு எழுதணும்னு சட்டம்.
இது மூணு ரூபாதானம்மா?"
சொன்னாரே தவிர, கவர் எடுத்தார், அரக்கு உருக்கினார்.
படிவத்தில் 'வெடிபொருள்' என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன்.
'இதர' என்ற கட்டம் தீப்பெட்டியைவிடச் சிறிது.
வெள்ளிக்காசு மூன்று என்பதோடு நிறைந்துவிட்டது.

தகரத்தை யாரும் கேட்கவில்லை.
அதை அதன் குழியில் வைத்து மண் தள்ளினேன்,
பழுத்த புல்லை மேலே அமர்த்தினேன்.
சீனி நெய்னா திரும்பி வந்து குழாயைப் பிடித்தார்.

இந்த அமைச்சர் போவார், இன்னொருவர் வருவார்.
கருவி கத்தும்.
பூங்கா காலியாகும்.
யாரோ ஒருத்தி பிரஷோடு குப்புறப் படுப்பாள்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
நான்கு, ஏழு,
அதற்கப்புறம் என்ன என்று பார்க்க.